அலைக்குறி

குளச்சலில் ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
மோட்டார் ஓடினால் என் மேசையும் கூட ஓடும்.
காலையில் விபிஎன் இணைந்தது, பச்சை விளக்கு சாட்சி.
ஆனாலும் சம்பளப் பட்டியல் சர்வரின் பெயரைத் தட்டினால்
அப்படி ஒருவரே இல்லை என்கிறது கணினி.

தப்பு அதன்மேல் இல்லை.
வீட்டில் எனக்குச் சுண்டு என்று பெயர்.
பீச் ரோடு முக்கில் நின்று
சுண்டு வீடு எது என்றால் யார் சொல்வார்கள்?
ஆக்னெட் ஷைனி என்றால் மீன்காரரும் கை காட்டுவார்.

சரி, கேள்வி எல்லாமே சுரங்கத்துக்குள் போகட்டும் என்று
ஓர் அலைக்குறி, பக்கத்தில் ஒரு புள்ளி.
பட்டியல் வந்தது.
அடுத்த அறை பிரிண்டரைக் காணோம்.
நாகர்கோவில் பஸ் நேரம்கூட
பெங்களூர் போய்ச் சுற்றி வந்தது.

ராத்திரி பதினோரு மணிக்குத்தான் உறைத்தது.
மத்தியானம் தேடினேனே,
தக்கலையில் அந்த ஆஸ்பத்திரி,
அதற்கு முன்னால் இன்னொரு கம்பெனியின் வேலைப் பக்கம்,
எல்லாவற்றுக்கும் என் ஆபீஸிடமே வழி கேட்டிருக்கிறேன்.
மரியாதையாகப் பதில் சொன்னது.
குறித்தும் வைத்திருக்கும்.

புள்ளியை அழித்தேன்.
அலைக்குறிக்குப் பின்னால் ஆபீஸ் பெயர் மட்டும்.
மிச்சமெல்லாம் வீட்டு ரூட்டருக்கு.
பழைய பதில்களைத் துடைத்துவிட்டு மறுபடி தட்டினேன்:
சம்பளம் அந்தப் பக்கம், பிரிண்டர் இந்தப் பக்கம்.

கீழே மோட்டார் நின்றது. மேசையும்.
ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும்
இரண்டு எழுத்து தட்டி, அழித்தேன்.
காலையில் போனில் கேட்டுக்கொள்ளலாம்.