நூற்றுக்கு முப்பது

மன்னார்குடி பந்தலடியில்
உரக்கடைக்கு மேல்மாடி எங்கள் கம்பெனி.
யூரியாத் தூள் ஏறி
கீபோர்டில் ஸ்பேஸ் பட்டன் ஒட்டிக்கொள்ளும்.
மூன்று கம்ப்யூட்டர், ஒரு இன்வெர்ட்டர்,
அம்பேத்ராஜன், இளந்திரையன், ஜெனிட்டா,
கணக்குக்கும் கடிதத்துக்கும் நான்.

விளையாட்டின் பெயர் 'கடைமடை'.
மதகைத் திறக்கணும், மூடணும்,
ஆற்றில் வருகிற கொஞ்சத்தை
வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்து
பயிர் சுருளுமுன்
கடைசி வயலில் கொண்டுபோய்ச் சேர்க்கணும்.
அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது, கார் கிடையாது.
"இதை எவன் விளையாடுவான்" என்றான் இளந்திரையன்,
கபடி தவிர எதையும்
விளையாட்டென்று ஒப்பாத வடுவூர்க்காரன்.

விளையாடினார்கள்.
முதல் மாதம் இருநூறு பேர்,
பாதி எங்கள் சொந்தக்காரர்கள்.
நாற்பத்தொன்றாம் கட்டம் ஐப்பசி,
அதில் தண்ணீர் வேண்டாம், வடிக்கணும்.
அது புரியாமல் பிரேசில் பையன் ஒருவன்
எல்லா மதகையும் திறந்துவிட்டு, மூழ்கி,
தலையில் அடித்துக்கொண்டு கத்தியதை
யாரோ படம்பிடித்துப் போட
ஒரே வாரத்தில் நாலு லட்சம்.
கோரையாறு நிஜமாகவே இருக்கிறதா என்று
போலந்திலிருந்து ஒரு பெண் எழுதிக் கேட்டாள்.
ஜெனிட்டா ஏசி வாங்கச் சொன்னாள்.
வாங்கினோம். இன்வெர்ட்டர் தாங்கவில்லை.

ஸ்டோர்க்காரன் பங்கு நூற்றுக்கு முப்பது.
தெரிந்துதான் சம்மதித்தோம்.
ஒப்பந்தம் நாற்பத்தாறு பக்கம்,
படித்தது நான் மட்டும்,
அதுவும் இருபதாம் பக்கம் வரை.
பணம் வந்த மாதம்தான்
முப்பதின் கனம் கையில் தெரிந்தது.
அம்பேத்ராஜன் பலகையில் எழுதினான்:
கரண்ட் நம்முடையது, கண்ணெரிச்சல் நம்முடையது,
களத்துமேட்டு மரக்கால் மட்டும்
இவன் கைக்கு எப்படிப் போனது?

ஆக, ஒரு வரி சேர்த்தோம்.
எங்களிடமே நேராக வாங்கினால் இருபது ரூபாய் குறைவு.
சின்ன எழுத்து, நெல்மணி அளவு.
மேட்டூர் திறந்தார்கள்.
அந்தத் தண்ணீர் கல்லணை வந்து சேருமுன்
எங்கள் விளையாட்டு ஸ்டோரில் இல்லை.

கடிதம் வந்தது.
கீழே ஆள் பெயர் இல்லை, 'குழு' என்றிருந்தது.
மேல்முறையீடு எழுதினேன்,
இரண்டரை மணி நேரம், அகராதி பார்த்து.
நாலு நிமிடத்தில் பதில்.
நாலு நிமிடத்தில்
எங்கள் மாடிக்கு டீ கூட ஏறாது.

சண்டை போடாமல் இல்லை.
அம்பேத்ராஜன் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு
முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி என்று
செல்போன் கடை செல்போன் கடையாக ஏறி இறங்கினான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு போன்.
நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடிக்கிடந்த நேரத்தில்
மட்டும் பதினேழு.
திருவாரூர் வக்கீல் எல்லாம் கேட்டுவிட்டு
"எதிராளிக்கு விலாசம் இருக்கா?" என்றார்.
கீழே உரக்கடைக்காரர் வாடகை கேட்கவில்லை,
மூன்றாம் மாதம் பிறந்ததும்
படியில் பார்த்தால் இருமினார்.

எங்களில் மன்னிப்பு எழுதத் தெரிந்தவள்
நான் ஒருத்தி.
எழுதினேன். அந்த வரியை எடுத்தோம்.
மறுநாள் காலை விளையாட்டு இருந்தது,
ஒன்றும் நடக்காதது மாதிரி,
அதே நட்சத்திரங்களோடு.
அம்பேத்ராஜன் வரவில்லை.
அடுத்த நாளும்.
அவன் நாற்காலியில் இப்போது
மோடம் உட்கார்ந்திருக்கிறது.

போகுமுன் ஒன்று செய்திருக்கிறான்.
நாற்பத்திரண்டாம் கட்டத்தில் நூறு வயல்.
எந்த மதகை எப்படித் திருப்பினாலும்
எழுபதுதான் பச்சையாகும்.
பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வெளியிட்டேன்.

தினமும் புகார், ஒற்றை நட்சத்திரத்தோடு:
மீதி வயல் ஏன் காய்கிறது, சரிசெய்யுங்கள்.
போலந்துப் பெண்ணும் கேட்டுவிட்டாள்,
மூன்று இரவாகத் தூங்கவில்லையாம்.
பதில் எழுதுவது என் வேலை.
ஒட்டும் ஸ்பேஸ் பட்டனை அழுத்தி அழுத்தி
எழுதுகிறேன்:
பிழை எதுவும் இல்லை.
நீங்கள் சரியாகத்தான் திறந்தீர்கள்.