கொக்காவிலில் டேனிஷ் கம்பிற்

பகல் முழுக்க எனக்கு ஒரு மீற்றர் அகலம்தான்.
சிவப்புத் தலைக் கட்டைகளுக்கு நடுவில
முழங்காலில இருந்து
மண்ணைச் சுரண்டிச் சுரண்டி
பின்னேரம் அளந்து பார்த்தால்
மூண்டு பாய் விரிக்கிற இடம் கூடியிருக்கும்.
அவசரப்படமாட்டன் எண்டு
முதல் நாளே கையெழுத்து வைச்சுக் குடுத்தனான்.

இரவில நான் அவசரக்காரி.

ராஜாவுக்கு முன்னால நிக்கிற சிப்பாய் இரண்டு கட்டம்.
சுகிர்தாவும் அதையே வைப்பாள்.
உடனே ராணிக்கு முன்னால நிக்கிறதைத் தள்ளு,
வெட்டட்டும்.
பக்கத்தில நிக்கிறதை ஒரு கட்டம் தள்ளு,
அதையும் வெட்டட்டும்.
மந்திரியை வெளியால எடு.
மூண்டாவதையும் விழுங்கிக்கொண்டு வாறவனை
மற்ற மந்திரி விழுங்கும்.
ஐந்தாம் நகர்வில
இரண்டு சரிவும் துப்பரவாய்த் திறந்து கிடக்கும்,
அவளின்ர ராஜா வீட்டு வாசல் வரைக்கும்.

டேட்டா முடிய முடியப் பார்த்துப் பழகினது.
டென்மார்க்கில இருக்கிற மச்சாளிட்டக் கேட்டன்.
"இஞ்ச ஒருத்தரும் உப்பிடி விளையாடிக் காணேல்லை" எண்டாள்.

ஒண்டு சொல்லவேணும்.
எங்கட பழைய பெட்டியில வெள்ளைச் சிப்பாய் ஐந்துதான்.
மிச்சத்துக்கு
ஒரு புளியங்கொட்டை, பேனை மூடி,
தலைக்கவசத்தில கழண்ட திருகாணி.
அந்த மூண்டையும் நான்
சாகப்போற மூண்டு கட்டத்திலதான் வைப்பன்.
புளியங்கொட்டையைக் குடுக்க என்ன யோசனை?
பதினொரு ஆட்டம் வெண்டன்.

போன மாதம் வவுனியாவால புதுப்பெட்டி வந்தது.
எட்டுப் பேரும் ஒரே உயரம்,
ஒரே மொட்டைத் தலை,
காலடியில பச்சைத் துணி.
இரண்டாம் நகர்வில கை நிண்டிட்டுது.
சுகிர்தா பார்த்தாள்.
ஒண்டும் சொல்லேல்லை.
ஜெனரேற்றர் நிக்க இன்னும் இருவது நிமிசம்.

தள்ளினன். வெட்டினாள்.
தள்ளினன்.

ஐந்தாவதுக்குப் பிறகு
வழக்கமாய் அவள் நகம் கடிக்கத் தொடங்குவாள்.
அண்டைக்குத் தன்ர சிப்பாய் ஒண்டை
நடுவில கொண்டந்து வைச்சு
"இந்தா, பிடி" எண்டாள்.
எனக்குத் தெரியாமல் அவளும் படிச்சிருக்கிறாள்.

பிறகு எல்லாம் கெதியாய்:
என்ர மந்திரி, அவளின்ர ராணி,
என்ர ராணி, அவளின்ர மந்திரி.
புழுதி அடங்க எண்ணிப் பார்த்தம்.
அவளுக்கு ஐந்து சிப்பாய்.
எனக்கும் ஐந்து.

"இனி மெள்ள மெள்ளத்தான்" எண்டு
அவள் சொல்லேக்க லைற் நிண்டுது.

காய் ஒண்டும் அசையாமல்
பலகையை இரண்டு பேருமாய்த் தூக்கி
கட்டிலுக்குக் கீழ வைச்சம்.
ஐந்து மணிக்கு விசில்.