பிராது

மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பருக்கு
மங்கலம்பேட்டை கொளஞ்சியம்மா எழுதிக்கொள்வது.
எழுதுவது நானில்லை, படிவம் நிரப்பித் தருகிறவர்.
சொல்வது நான்.
எங்கள் ஊருக்கும் உனக்கும் உள்ள தூரத்துக்குக்
கிலோமீட்டர் கணக்கில் காசு கட்டியாயிற்று.
ரசீது இடுப்பில் இருக்கிறது.

விருத்தாசலத்தில், உன் அப்பன் கோயில் திருப்பணியில்
சித்தாளாக நின்றேன்.
நாற்பது நாள்.
அங்கே எல்லாமே ஐந்து.
கோபுரம் ஐந்து, நந்தி ஐந்து, கொடிமரம் ஐந்து,
தேர்கூட ஐந்து.
கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பைப்
பாண்டு பாண்டாகச் சாரத்தில் ஏற்றினேன்.
யாளியின் பல்லிடுக்கில் பழைய பெயிண்ட்டைச்
சுரண்டி எடுத்தேன்.
குடமுழுக்கன்று மேலிருந்து தெளித்த தண்ணீர்
கூட்டத்தில் நின்ற என் தலையிலும் விழுந்தது.
கூலி விழவில்லை.
காண்ட்ராக்டரின் எண் உபயோகத்தில் இல்லை என்கிறாள்
போனுக்குள் ஒருத்தி.

ஆலடிப் பூங்காவனத்துக்கும் பாக்கிதான்.
சாமி காரியத்துக்குச் செய்ததாக
நினைத்துக்கொள்வோம் என்றாள்.
நினைத்துக்கொள்ளலாம்.
அரிசிக் கடைக்காரன் நினைத்துக்கொள்ள மாட்டான்.

அந்தப் பிராகாரத்தில் ஒரு வன்னிமரம் நிற்கிறது.
முன்னொரு காலத்தில் ஒரு முனிவர்
கோயில் கட்டிய ஆட்களுக்கு
அதன் இலையைத்தான் கூலியாக உருவிக் கொடுத்தாராம்.
உழைத்தவன் கையில் உழைப்பளவு பொன்.
ஏய்த்தவன் கையில் இலை.
மேஸ்திரி இல்லை, வருகைப் பதிவேடு இல்லை,
இலைக்கே தெரிந்திருக்கிறது.

கடைசி நாள் சாயங்காலம்
கீழே கிடந்ததில் ஒரு கொத்து,
பறிக்கவில்லை, பொறுக்கினேன்.
முந்தானையில் முடிந்து
பாலக்கரை வரை அவிழ்க்காமல் நடந்தேன்.
பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் அவிழ்த்தேன்.

இலை.

அன்றிலிருந்து தூக்கமில்லை, கொளஞ்சியப்பா.
பணத்துக்காக இல்லை என்றால் பொய்,
பணத்துக்காகவும்தான்.
ஆனால் நான் ஏய்த்தவளா?
ஒவ்வொரு நாளாகத் திரும்ப எண்ணிப் பார்த்தேன்.
மாசி வெயிலில் ஒரு மத்தியானம்
ஆழத்துப் பிள்ளையாரிடம் இறங்கும் படியில்
கல் குளிர்ந்திருந்தது.
தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவள் அசந்துவிட்டேன்.
விழித்தபோது கோபுர நிழல் மதிலேறியிருந்தது.
அதைக் கழித்துவிடு.
முப்பத்தொன்பதரை என்று போடச் சொன்னேன்.
எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

பிரதிவாதி யார் என்றார்.
காண்ட்ராக்டர் பெயர் முதலில்.
இரண்டாவதாக உன் அப்பன் பெயர்.
பேனா நின்றுவிட்டது.
“பழமலைநாதரையா?”

வேலை நடந்தது அவர் வீட்டில்தானே.
மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத்
திருவாரூர்க் குளத்தில்
மாற்றுக் குறையாமல் எண்ணிக் கொடுத்தவருக்கு
என் கணக்கு எந்தத் தண்ணீரில் போயிற்று?

நீயும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை.
கிழட்டுச் சாமி, கிழட்டு அம்மன்,
இங்கே எதைப் பாட என்று
தாண்டிப் போன பாட்டுக்காரரை
இதே கொளஞ்சிக் காட்டில் வேடனாக மறித்து
மூட்டையைப் பிடுங்கித் திருப்பி அனுப்பியவன் நீ.
அப்பனுக்கு வரவேண்டிய பாட்டுக்கு
அவ்வளவு செய்தாய்.

எழுதுகிறவர் எழுதவில்லை.
இரண்டாம் பெயருக்கான இடத்தை
வெறுமையாக விட்டுக் கொடுத்தார்.
பிள்ளைகுட்டிக்காரர், நான் வற்புறுத்தவில்லை.
காய்ந்த வன்னிக்கொத்தை அந்த இடத்தில் வைத்துத்தான்
காகிதத்தை மடித்தேன்.
முனியப்பர் முன் வேலில் கட்டியிருக்கிறது.
கொஞ்சம் உப்பலாக இருக்கும், அதுதான் என்னுடையது.

தொண்ணூறு நாள் என்கிறார்கள்.
இருக்கிறேன்.

இன்னொன்று.
பிள்ளை கேட்டு எங்கப்பன் இங்கே கட்டிய பிராதுக்குப்
பிறந்தவள் நான். பெயரும் அதனால்தான்.
வேண்டியது கிடைத்தபின்
ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும் உனக்கு.
நாளைக்கு, அடுத்த கிருத்திகைக்கு என்று தள்ளியே
செத்துப்போனார்.
அந்த வழக்கு உன்னிடம் இன்னும் முடியாமல் கிடக்கும்.
அதற்கு ஆகும் காசை
இந்த முப்பத்தொன்பதரையில்
பிடித்துக்கொள்.