மூன்று நாள்

கேட்டுக்கு முன்னால் ஒரு தொட்டி.
மருந்துத் தண்ணி, கத்தரிப்பூ நிறம்.
"மெதுவா உடுங்க, தெறிக்குது" என்கிறார் வாட்ச்மேன்.
சக்கரம் நனைந்ததும் பம்பை என் பக்கம் திருப்புகிறார்.
கால், பை,
பைக்குள் இருக்கும் லேப்டாப்.
"இதுக்கும் அடிச்சரலாங்களா?"
வேண்டாமுங்க என்று நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன்.

புதுச்சத்திரம் தாண்டி உள்ளே, ஆறு ஷெட்,
அறுபதாயிரம் கோழி.
செருப்பு வெளியே.
அவர்கள் தந்த பூட்ஸ் இரண்டு அளவு பெரிசு.
நோட்டில் பெயர்: கார்வேந்தன்.
வந்த வேலை: ஆன்டிவைரஸ் புதுப்பிக்க.
அதைப் படித்துவிட்டு
ஊசி போடுற டாக்டருங்களா என்றார் வாட்ச்மேன்.
கிட்டத்தட்ட, என்றேன்.
கடைசிக் கட்டம்:
மூன்று நாளுக்குள் வேறு பண்ணைக்குப் போனதுண்டா?

இல்லை.

நேற்று மோகனூர் ரோட்டில் ஒரு பண்ணை.
ஆனால் ஆபீஸ் ரூம் மட்டும்தானே,
கோழியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லையே.
பெட்ரோல் விற்கிற விலையில்
மூன்று நாளைக்கு ஒரு பண்ணை என்றால்
நான் எதைத் தின்பது?

நவமணியின் கீபோர்டு முழுக்கத் தீவனத் தூசி.
எண்கள் இருக்கும் மூலை மட்டும் பளபளவென்று.
சிபியூ மூடியைக் கழற்றினால்
ஃபேனில் ஒரு கைப்பிடி இறகு.
திரையின் ஓரத்தில் சிவப்புப் பெட்டி:
உங்கள் பாதுகாப்பு முடிந்து 212 நாள்.
தினமும் வந்ததும் 'பிறகு நினைவூட்டு' அமுக்குவாளாம்.
"சாமி கும்பிடறாப்பல ஆயிப்போச்சுங்க."

முதலாளி சடையப்பன் வந்து நின்றார்.
"குஞ்சு எறங்குன ஏழாம் நாள் கண்ணுல சொட்டு மருந்து.
ராத்திரில, ஒவ்வொண்ணாப் புடிச்சு.
அதுல கஞ்சம் புடிச்சா
வெள்ளைக்கழிச்சல் ஒரே வாரத்துல தொடச்சுப்புடும்.
இதுக்கு என்னத்துக்குங்க ஆயிரத்தைந்நூறு?
பத்து அட்டை முட்டை வெலை!"

பதினோரு வருசக் கணக்கு உள்ளே இருக்குதுங்க, என்றேன்.
தீவன பாக்கி, பேங்க் லோன்,
பாலக்காட்டு லாரிக்காரர் தர வேண்டியது.
பரமத்தியில் ஒருத்தருக்கு
ஒரு திங்கட்கிழமை காலை
எல்லா ஃபைலும் பூட்டிக்கிடந்ததையும்
சாவிக்கு டாலரில் விலை கேட்டதையும் சொன்னேன்.
வழக்கமாகச் சொல்வதுதான்.
சொல்லும்போது குரலைத் தணிக்க வேண்டும்.
அவர் பர்ஸை எடுத்தார்.

நெட் நத்தையாக ஊர்ந்து
ஒன்றேகால் மணி நேரம்.
மூன்று மெஷினும் பச்சைக்கு வந்தன.
எட்டு மாதமாக நம்பியிருந்தும்
ஒரு பூச்சிகூட இல்லை.
எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

அப்படியே பிரிண்டரையும் சரிபண்ணலாமென்று
என் பென்டிரைவைச் செருகினேன்.

டொய்ங்.

நவமணி திரைக்குக் கிட்டே குனிந்தாள்.
முட்டை ரேட் படிக்கிற அதே குரல்:
"மூணு கண்டுபுடிச்சிருக்குதுங்க.
மோகனூர்... பில்... நேத்துத் தேதி."
கீழே இன்னொரு வரி:
தனிமைப்படுத்தப்பட்டது.
அந்தச் சொல் அவளுக்குப் புதிதல்ல.
ஆறாவது ஷெட்டுக்குப் பின்னால்
அதற்கென்றே ஒரு கூண்டு உண்டு.

"நேத்து மோகனூருங்களா?"

ஷெட்டுகளில் இருந்து ஒரே இரைச்சல்.
தகரத்தில் மழை விழுகிறாற்போல.
ஆமாங்க என்றேன், அவளுக்குக் கேட்டிருக்காது.
பில்லில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.
போன வருசம் கிளம்பும்போது
ஒரு அட்டை முட்டை கட்டிக் கொடுத்திருந்தாள்.

கேட்டில் நோட்டைக் கேட்டு வாங்கினேன்.
'இல்லை'யை அடித்தேன்.
ஈரத்தில் பேனா எழுதவில்லை, அழுத்தினேன், கிழிந்தது.
"போறப்ப எழுத வேண்டீதில்லீங்க" என்றார் வாட்ச்மேன்,
"வாரப்பத்தான்."

சேந்தமங்கலத்துக்காரர் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.
தொட்டியைத் தாண்டி வண்டியை நிறுத்திப் போன் போட்டேன்.
வெள்ளிக்கிழமை வர்றேனுங்க.

"ஏனுங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

அப்படித்தானுங்க.
ஒரு மூணு நாள்.