காற்றடித்த புதன்கிழமை

மாதச் சம்பளத்தை இருபத்திரண்டால் வகுத்தேன்.
இரண்டாயிரம் ராண்ட் வந்தது, மீதியில்லாமல்.
மீதியில்லாததில் ஒரு சின்னச் சந்தோஷம்.
"நாளொன்றுக்கு இரண்டாயிரம், எல்லாம் சேர்த்து"
என்று எழுதி அனுப்பினேன்.
மறுநிமிடமே சம்மதம் வந்தது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

டர்பனிலிருந்து ரிச்சர்ட்ஸ் பே நூற்றெண்பது கிலோமீட்டர்.
விடிகாலை நாலு மணிக்கு சாட்ஸ்வொர்த் மேட்டில்
நாய்கூட எழுந்திருக்கவில்லை.
சுங்கச் சாவடியில் கண்ணாடியை இறக்கினால்
வெளியே நீள்வது என் கை, என் பணம்.
முன்பெல்லாம் கம்பெனி வண்டி, கம்பெனி அட்டை.
சுங்கச் சாவடி என்பது
கொட்டாவி விட ஓர் இடம், அவ்வளவுதான்.

பற்றவைத்த மூட்டுகளைச் சோதிப்பது என் தொழில்.
இரும்புக்குள் ஒலியை அனுப்புவேன்.
விரிசல் இருந்தால் அது திரும்பி வந்து சொல்லும்.

புதன்கிழமை காற்றடித்தது.
கிரேன் ஏறாது என்றார்கள்.
காருக்குள் உட்கார்ந்து ஆறிப்போன சமோசா தின்றேன்.
துறைமுகத்தில் நிலக்கரித் தூசி எழும்பி எழும்பி அடங்கியது.
நாலு மணிக்கு மேற்பார்வையாளர் ஹென்னி வந்து
"வேலை இல்லை" என்று தாளில் எழுதி
கையெழுத்துக் கேட்டார்.
போட்டேன், நன்றி வேறு சொன்னேன்.
தங்கிய இடத்து அம்மாளுக்குக்
காற்றடித்ததெல்லாம் கணக்கில்லை.
எழுநூற்றைம்பது என்றாள்.

திரும்பும் வழி முழுக்கக் கரும்பு.
அம்மா வழி முப்பாட்டன்
இந்த மண்ணுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்.
மாதம் பத்து ஷில்லிங்.
அரிசி தனி, பருப்பு தனி,
படுக்க ஒரு கொட்டகை தனி என்று தாளில் இருந்ததாம்.
கொடுமையான தாள். சொன்னதில் பாதியும் தராத தாள்.
ஆனாலும் அரிசிக்கு அதில் ஒரு வரி இருந்தது.
பட்டயம் வாங்கிய நான்
எல்லாம் சேர்த்து என்று எழுதியிருக்கிறேன்.

பணம் வர அறுபத்தெட்டு நாள் ஆயிற்று.
அதற்குள் டாஷ்போர்டில் குவித்திருந்த ரசீதுகள்
வெயிலில் வெளுத்துவிட்டன.
வரிக்கணக்குப் பார்க்கும் நொசிஃபோ
ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
"இது என்ன, பெட்ரோலா, பிரார்த்தனையா?"
வாங்கிய அன்றே படம் எடு என்றாள்.
பிறகு என் ஆண்டை எடுத்துத் தோலுரித்தாள்.
சனி ஞாயிறு போயிற்று.
காய்ச்சலுக்குக் கொஞ்சம்.
டிசம்பரில் ஊரே கடற்கரைக்குப் போகும் மூன்று வாரம்.
கருவியை அளவு திருத்த அனுப்பிவிட்டுச்
சும்மா நிற்கும் நாட்கள்,
அடுத்த வேலைக்காகத் தொலைபேசியைத் தேய்க்கும் நாட்கள்.
நூற்று நாற்பது மிஞ்சியது.
"உன் ஆண்டு இவ்வளவுதான், இதால் வகு" என்றாள்.
"மருத்துவக் காப்பீட்டை அதன் மேல் வை.
முதுமையையும் வை, அது இலவசமாக வராது."

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள்.
பார்க்காமல் உழுதவளுக்கும் மிஞ்சவில்லையே.

ஜூலையில் ஹென்னி மறுபடி கூப்பிட்டார்.
அதே துறைமுகம், பன்னிரண்டு நாள்.
நாலாயிரத்து இருநூறு என்றேன்.
பயணம் தனி. தங்கல் தனி.
கூப்பிட்டு நிறுத்திவைத்தால் பாதி.
மறுமுனையில் சத்தமே இல்லை.
மதில்மேல் ஒரு குரங்கு
என் பப்பாளியை அவசரமில்லாமல் தின்றது.
நாக்கின் நுனிக்கு
"பரவாயில்லை, கொஞ்சம் குறைக்கலாம்" வந்து நின்றது.
எத்தனை வருடப் பழக்கம் அது.
வாயைத் திறக்காமல்
குரங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இருமினார்.
"காற்றுக்குப் பாதியா?"

"காற்றுக்குப் பாதி" என்றேன்.