பதினான்காம் மாடிக்கு மேலே

நாற்பது விதை. பார்சல் பிரித்த இரவே
டம்ளர் தண்ணீரில் போட்டேன்.
பதினொன்று மிதந்தன. மிதப்பது முளைக்காது.
மூழ்கியவற்றை ஈரத்துணியில் சுற்றி
மாவுச் சட்டிக்கும் முட்டைத் தட்டுக்கும் நடுவே
ஆறு வாரம் ஒளித்து வைத்தேன்.
பைன் விதைக்கு ஒரு பனிக்காலம் கடக்க வேண்டும்.
கே.ஆர். புரத்து ஒற்றை அறையில்
அதற்குமேல் பனிக்கு வழியில்லை.

என் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.
முதலில் முளைத்த மூன்றும்
அந்தச் சுவரையே பார்த்துப் பார்த்து
வெளுத்து, இடியாப்பமாய் நீண்டு,
படுத்துவிட்டன.

அப்போதுதான் புரிந்தது,
இது மேஜைமேல் வளர்கிற சாதி இல்லை.
குட்டையாக்கப் போகிற மரத்துக்கும்
முழு வானம் வேண்டும்.

என் வேலை லிஃப்ட்.
ஹூடியில் ஒரு குடியிருப்பு, பி பிளாக்,
மோட்டார் அறைச் சாவி என் கொத்தில்.
வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே,
நாலு முழம் சிமென்ட், யாரும் கேட்காத வெயில்.
கிரீஸ் டப்பாக்களைக் கழுவி, அடியில் துளையிட்டு,
சலித்த செங்கல்பொடியும் மணலும் நிரப்பி
மிச்சத்தை அங்கே விதைத்தேன்.
மேனேஜரிடம் சொல்லவில்லை.
சொன்னால் மெயில் போடச் சொல்வார்.

பதினேழு முளைத்தன.
விதைத்தோட்டைத் தலையில் மாட்டியபடி,
ஹெல்மெட் கழற்ற மறந்து
வீட்டுக்குள் வந்தவன் மாதிரி.
உதவலாமே என்று
ஒன்றின் தொப்பியை நகத்தால் இழுத்தேன்.
தலையும் கூடவே வந்தது.
பதினாறு.

இரவுக் காவல் திகந்தா, தேமாஜிக்காரன்.
ஞாயிறு நான் வரமாட்டேன் என்று
மூன்று வேளை ஊற்றியிருக்கிறான்.
திங்களன்று ஏழு கிடந்தன.
மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு
நூலாய்க் கறுத்திருந்தது.
திட்ட வாயெடுத்தேன்.
"இவ்வளவு வெயில், தாகம் எடுக்காதா?" என்றான்
அவனுடைய இந்தியில்.
எனக்குத் தெரிந்த இந்தியில் கோபம் போதவில்லை.

பிரியாணிக்கு வாங்கி மீந்த பட்டையைப் பொடித்துத்
தூவினேன். மொட்டைமாடி
இரண்டு நாள் கல்யாண வீடாய் மணத்தது.
அவனிடம் சொன்னேன்:
நேரம் பார்க்காதே. டப்பாவைத் தூக்கிப் பார்.
கனத்தால் விடு, லேசானால் ஊற்று.
எடை பார்க்கத் தெரிந்தவன் நான்,
எதிர்எடை தொங்குவதால்தானே என் பிழைப்பே ஓடுகிறது.

ஏப்ரல் கடைசியில் ஆலங்கட்டி மழை.
கரன்ட் போய், ஜெனரேட்டரும் முரண்டு பிடித்து,
ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே இரண்டு பேர்.
கீழ்வாசலில் மாட்ட வேண்டிய மஞ்சள் பலகைகளை,
"பழுது பார்க்கிறோம்", காணவில்லை.
இரண்டையும் காணவில்லை.
பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி
அங்குலம் அங்குலமாய் அவர்களை இறக்கும்போது
தகரக் கூரைமேல் கல்கல்லாய் விழுந்தது.
கதவுக்கு வெளியே பத்தடியில் அவை.
கையை எடுக்க முடியாது.

முடித்துவிட்டுக் கதவைத் தள்ளினால்,
தண்ணீர்த் தொட்டி ஓரமாய்த்
தலையில் நாற்காலியைக் கவிழ்த்தபடி திகந்தா.
அவன் காலடியில்
இரண்டு மஞ்சள் பலகைகள் கூடாரமாய்ச் சாய்ந்து.
உள்ளே ஒன்பது.
ஒரு ஊசிகூட முறியவில்லை.

அடுத்த வருஷம் கத்தரி வாங்கினேன்.
உறையைப் பிரிக்கவில்லை.
மூன்று வருஷமாவது இஷ்டத்துக்கு வளரட்டும்,
தண்டு தடிக்கட்டும்.
போன்சாய் வளர்க்கிறேன் என்று
நண்பர்களிடம் சொல்வதோடு சரி.
காட்டுவதற்கு இருந்ததெல்லாம்
டப்பாவில் பச்சை முள்.

இந்த ஜூனில் பராமரிப்பு ஒப்பந்தம்
வேறு கம்பெனிக்குப் போயிற்று.
சாவியைக் கொடுக்கிற அன்று
ஒன்பதையும் பழத்தட்டில் அடுக்கி
லிஃப்டுக்குள் நுழைந்தேன்.
நான் எத்தனையோ தரம் திறந்து மூடிய அதே பெட்டி.
முளைத்த நாளிலிருந்து
கூரையைப் பார்க்காதவை அவை.
ஒன்பதாம் மாடியில் ஏறிய அம்மாள்
"கொத்தமல்லியா?" என்றார்.
ஆமாம் என்றேன்.

கீழே காவல் கூண்டில் திகந்தா.
உனக்கு இரண்டு எடுத்துக்கொள் என்றேன்.
பதில் சொல்லவில்லை.
ஒவ்வொரு டப்பாவாய் உள்ளங்கையில் வைத்துத்
தூக்கிப் பார்த்தான்.
நாலாவதில் முகம் சுளித்து
குழாயைத் தேடிப் போனான்.