ஏழாம் இலக்கம்

ஞாயிறு டியூட்டியைச் சுகந்தினியிடம் மாற்றிக்கொண்டு
இருநூறு ரூபாய் ரிக்கெற்றோடு
மக்கெய்சர் மைதானத்தில் நாலாவது படி.
கச்சான் சுருளில் சூடு இருந்தது.
ஐந்து நிமிடம், மெய்யாகவே, பந்து தெரிந்தது.

பிறகு எனக்கு முன்னால்
ஒரு முதுகு எழுந்தது.
அதன்மேல் ஒரு கொடி.
கொடிக்கு அப்பால் கிண்ணியாப் பொடியன்கள்
ஆருக்கோ விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, கொஞ்சம் இருங்கோ."
முதுகு திரும்பியது, பியர் மணத்தோடு.
"இருந்து பாக்கிறதெண்டால்
வீட்டில ரீவி இருக்குத்தானே அக்கா."
கூட்டாளிகள் சிரித்தார்கள்.
நானும் அரைகுறையாய்ச் சிரித்தேன்.
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

லைன்ஸ்மன் கொடியை உயர்த்த
அவருடைய அம்மாவை இழுத்தார்கள்,
பிறகு ஊரை,
பிறகு அவர் தொழுகிற திசையை.
வேலியோரம் மேய்ந்த புள்ளிமான்கள் இரண்டு
காது விறைத்து நின்று
கடற்கரைப் பக்கம் நடையைக் கட்டின.
அவை ரிக்கெற் எடுக்கவில்லை. போகலாம்.

பக்கத்தில் ஒரு சிறுமி, பத்து வயதிருக்கும்.
ஊதுகுழல் மூன்றாந்தரம் அலற
காதிலிருந்து மெசினைக் கழற்றி
கைலேஞ்சியில் சுற்றிப் பொக்கற்றில் வைத்தாள்.
தகப்பன் தடுக்கவில்லை.
இரண்டு முதுகுகளுக்கு நடுவே ஒரு சாண் வெளி,
அதற்குள் கண்ணைப் பொருத்திக்கொண்டாள்.

ஒரு போத்தல் பறந்தது.
கோலியைத் தவறி
நசீர் நானாவின் ஐஸ்பழப் பெட்டிக்குள் நொறுங்கியது.
பதினொரு நிமிடம் ஆட்டம் நின்றது.
எது ஐஸ், எது கண்ணாடி?
அவர் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு
எல்லாவற்றையும் கானில் கொட்டினார்.
எங்கள் போன்கள் எல்லாம் சண்டைப் பக்கம் திரும்பியிருந்தன.

எண்பத்துமூன்றாம் நிமிடமாம்.
படிகள் அதிர்ந்தன, முதுகு துள்ளியது,
என் சட்டையில் பியர்.
கோல் என்று விளங்கியது.
எவன், எப்படி, எந்த மூலை?

முழங்காலில் ஒரு தட்டு.
சிறுமி ஏழு விரல் விரித்தாள்.
பிறகு தன் நெற்றியைத் தொட்டு
காற்றை வலப்பக்கமாய்ச் சரேலென வெட்டினாள்.
அவள் கண்ணில் வலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அந்தக் கோலை நான் அப்படித்தான் பார்த்தேன்.

உவர்மலை பஸ்ஸில்
மிதிபலகையில் தொங்கியபடி அந்த முதுகுக்காரன்
போனில் ஆருக்கோ கத்துகிறான்:
"என்ர கண்ணால கண்டனான் மச்சான்,
இடக்காலால அடிச்சவன்."